ஓராண்டுகூட ஆளவில்லை... செஞ்சிக் கோட்டை ‘தேசிங்கு கோட்டை’ ஆனது எப்படி?

2025 ஜூலையில் மராத்தியர் காலத்து ராணுவக் கோட்டைகள் 12, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தன. அதில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்றுதான்: நம்ம விழுப்புரம் மாவட்டத்து செஞ்சிக் கோட்டை.

பட்டியலில் இடம் கிடைத்தது மராத்தியர் வரலாற்றுக்காக. ஆனால், ஊர் மக்கள் வாயில் அது இன்றும் தேசிங்கு ராஜா கோட்டைதான். இத்தனைக்கும் அவர் அந்தக் கோட்டையைக் கட்டியவர் அல்ல, அங்கே முழுசாக ஒரு வருஷம்கூட ஆளவும் இல்லை. அப்புறம் எப்படி இந்தப் பெயர்?

யார் இந்த தேசிங்கு?

இயற்பெயர் தேஜ் சிங். தமிழர் நாவில் அது தேசிங்கு ஆனது. வட இந்தியாவின் பந்தேல்கண்ட் பகுதியைச் சேர்ந்த ராஜபுத்திரர்.

1677-ல் சிவாஜி கைப்பற்றிய செஞ்சியை, பல ஆண்டு முற்றுகைக்குப் பிறகு 1698-ல் முகலாயர்கள் பிடித்தார்கள். பிறகு ஔரங்கசீப், தன் படைத்தலைவர்களில் ஒருவரான ஸ்வரூப் சிங்கிடம் கோட்டைப் பொறுப்பைக் கொடுத்தார். அவருடைய மகன்தான் தேஜ் சிங்.

சண்டை எதற்கு?

1714-ல் ஸ்வரூப் சிங் இறந்தபோது பெரும் வரிபாக்கி இருந்தது. பொறுப்பேற்ற மகனிடம் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் அதைக் கேட்டார். செஞ்சி எங்களுக்கு ஔரங்கசீப் கொடுத்தது என்பது தேஜ் சிங்கின் வாதம். ஔரங்கசீப் இறந்து 7 வருஷம் ஆகிவிட்டது, புதிய பாதுஷாவின் ஒப்புதல் வேண்டும் என்பது நவாப் தரப்பின் வாதம். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

1714 அக்டோபர் 3. தேஜ் சிங்கிடம் சில நூறு குதிரை வீரர்கள். எதிரே ஆயிரக்கணக்கான நவாப் படை. சண்டையில் தேஜ் சிங் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 22. வரலாற்று ஏட்டில் அவர் கதை இவ்வளவுதான். அதன்பிறகு நடந்ததுதான் சுவாரசியம்.

பாட்டு செய்த வேலை

தோற்றுப்போன அந்த இளைஞரைப் பற்றிக் கதைப்பாடல் பிறந்தது. வரிபாக்கி விவகாரம் பாட்டில் மானப் பிரச்சினையாக மாறியது. யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கும் வீரனாக தேசிங்கு வந்தார். அவருடைய உயிர் நண்பன் மகமத்கான், போர்ச் செய்தி கேட்டதும் தன் கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு நீலவேணிக் குதிரையில் ஏறி வருகிறார். நண்பனுக்காகவே உயிரையும் விடுகிறார்.

முடிவும் மாறியது. பாட்டில் தேசிங்கை எந்த எதிரியும் கொல்வதில்லை. வாளை மேலே வீசி, அது தன் மார்பில் விழ, தானாகவே சாகிறார்.

இதைக் கேட்டவர்கள் தமிழ்க் கிராமத்து மக்கள். அவர்களுக்குத் தேசிங்கு வேற்று மொழிக்காரர். ஆனாலும் ‘நம்ம ராஜா’ என்று ஏற்றுக்கொண்டார்கள். எதிரியான நவாப் முஸ்லிம், உயிர் கொடுத்த நண்பரும் முஸ்லிம். அதனால் இதை மதச் சண்டையாகச் சுருக்க முடியாதபடி பாட்டே தடுத்துவிட்டது.

பாட்டின் இரண்டாவது வாழ்க்கை

வாய்வழியாகப் பரவிய கதை, பின்னாளில் அச்சுக்கு வந்தது. ‘பெரிய எழுத்து’ என்ற பெயரில் விற்ற மலிவு விலைக் கதைப் புத்தகங்களில் தேசிங்கு ராஜன் கதையும் ஒன்று. ஒருவர் படிக்க, சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் கதை போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

சினிமாவும் விடவில்லை. 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ வந்தது. மகமத்கானாக எஸ்.எஸ்.ராஜேந்திரன் நடித்தார், இசை ஜி.ராமநாதன். ஆனால் பாட்டுக்குக் கிடைத்த வரவேற்பு படத்துக்குக் கிடைக்கவில்லை. எம்.ஜி.ஆரின் பெரிய வெற்றிப் படங்களின் வரிசையில் அது சேரவில்லை.

நெருடும் பக்கம்

கணவரோடு ராணியும் உடன்கட்டை ஏறியதாகச் சொல்லப்படுகிறது. அவர் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்குப் பெயர் வந்தது என்பார்கள். ஒரு இளம்பெண்ணின் சாவைத் தியாகமாகக் கொண்டாடுவது இன்று படிப்பவருக்கு நெருடவே செய்யும். கதையின் அந்தப் பகுதியைப் பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இன்று போனால்...

செஞ்சிக்குப் போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் சிங்கவரம் மலைக்கும் ஒரு நடை போய் வரலாம். பாறையைக் குடைந்து செய்த அந்தக் கோயிலில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். போருக்குப் புறப்படும் முன் தேசிங்கு உத்தரவு கேட்டதாகவும், போக வேண்டாம் என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் ஊரில் சொல்வார்கள்.

மராத்தியர், முகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எத்தனையோ பேர் கைக்கு மாறிய கோட்டை இது. ஜெயித்தவர்கள் எல்லோரும் கோட்டையை எடுத்துக்கொண்டார்கள். தோற்றவருக்காக மக்கள் பாட்டுக் கட்டினார்கள். கோட்டையின் பெயரில் மிச்சம் நிற்பது அந்தப் பாட்டுதான்.