பூமியின் நாடி பார்த்தவர் ஓல்ட்ஹாம்

1897-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி மாலை சுமார் 5.15 மணி. அன்றைய அஸ்ஸாம் மாகாணத்தின் தலைநகரான ஷில்லாங் குலுங்கியது. கல் கட்டிடங்கள் அத்தனையும் சரிந்தன. அந்தப் பெரும் பூகம்பத்தில் சுமார் 1,500 பேர் மாண்டனர்.

அதை ஆராயும் பொறுப்பு ரிச்சர்டு டிக்சன் ஓல்ட்ஹாமுக்கு வந்தது. கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் அதிகாரி அவர். 1858-ல் டப்ளின் நகரில் பிறந்தவர். அத்துறையின் முதல் தலைவரான தாமஸ் ஓல்ட்ஹாமின் மகன். தந்தை 1869-ம் ஆண்டின் கச்சார் பூகம்பத்தை ஆராய்ந்தவர். அந்த வேலை முடியுமுன் 1878-ல் காலமானார். மறு ஆண்டு பணியில் சேர்ந்த மகன், தந்தை விட்டுச் சென்ற ஏடுகளை முடித்து வெளியிட்டார். பூகம்ப ஆராய்ச்சி அவருக்குத் தந்தை வழிச் சொத்து.

ஷில்லாங் பகுதியில் அவருக்குச் சாட்சி சொன்னவை கற்கள்தாம். பாறைகள் பதிந்திருந்த குழியின் விளிம்பு சிதையாமலே வெளியே எறியப்பட்டுக் கிடந்தன. புவியீர்ப்பையும் மிஞ்சிய வேகத்தில் தரை மேலே உதைத்திருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். சேட்ராங் ஆற்றோரம் நிலம் பிளந்து, ஒரு பக்கம் 35 அடி வரை உயர்ந்திருந்தது. 1899-ல் வெளிவந்த அவரது அறிக்கை பூகம்ப ஆராய்ச்சிக்கு வழிகாட்டி ஆயிற்று.

ஐரோப்பாவில் இருந்த கருவிகளும் அந்த அதிர்ச்சியைப் பதிவு செய்திருந்தன. அப்பதிவுகளில் மூன்று வகை அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருப்பதை ஓல்ட்ஹாம் கண்டார். 1903-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய பிறகும் ஆராய்ச்சியை விடவில்லை. பூமியின் நடுவே செல்லும் அலைகள் தாமதமாவதைக் கொண்டு, உள்ளே வேறு தன்மையுள்ள ஒரு கரு இருப்பதை 1906-ல் எடுத்துக்காட்டினார். எவரும் இறங்கிப் பார்க்க முடியாத ஆழத்தை அலைகளே காட்டிக் கொடுத்தன.

ஆனால், அஸ்ஸாம் ஏன் குலுங்கியது? அதற்கு முழு விடை அவர் காலத்தில் கிடைக்கவில்லை. 1960-களில்தான் அது தெளிவாயிற்று. இந்தியாவைத் தாங்கும் பாறைத் தகடு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் வடக்கே நகர்ந்து, ஆசியாவின் அடியில் நுழைகிறது. அந்த மோதலில் எழுந்ததே இமயம். அழுத்தத்தால் பாறைகள் நூற்றாண்டுக் கணக்கில் வளைந்து கொடுக்கின்றன. தாங்கும் சக்தி தீர்ந்ததும் பழைய பிளவு ஒன்றில் சட்டென்று வழுக்குகின்றன. அதுவே பூகம்பம்.

ஷில்லாங் பீடபூமியும் இந்த நெருக்கலில் அகப்பட்டதே. பழைய நில அளவைக் கணக்குகளை மீண்டும் பார்த்த ரோஜர் பில்ஹாம், பிலிப் இங்கிலாந்து ஆகிய இருவர், பீடபூமியின் வடவிளிம்பில் மண்ணுக்குள் புதைந்த ஒரு பிளவே காரணம் என்று 2001-ல் கூறினர். அதற்கு ஓல்ட்ஹாம் பிளவு என்றே பெயரிட்டனர்.

ஓல்ட்ஹாம் 1936-ல் வேல்ஸ் நாட்டில் காலமானார். அவர் கண்ட கருவுக்குள் இன்னொரு கரு உண்டு என்று டென்மார்க்கின் இங்கே லேமான் அறிவித்ததும் அதே ஆண்டில்தான்.

1897-க்குப் பின் ஷில்லாங்கில் கனத்த கல் சுவர்களுக்குப் பதிலாக மரச்சட்டமும் நாணல் தட்டிச் சுவரும் கொண்ட இலேசான வீடுகள் எழும்பின. தகடு இன்றும் நகர்கிறது. பூகம்பத்தின் நாளும் மணியும் முன்கூட்டி எவருக்கும் தெரியாது. வீட்டைப் பார்த்துக் கட்டுவது மட்டுமே மனிதன் கையில் இருக்கிறது.