நகரை உயிரெனக் கண்டவர்

நுழையும்முன்

மரத்தின் கிளை ஒரு சிறு மரம்போலத் தோன்றும். அதிலிருந்து பிரியும் சிறுகிளையும் அவ்வாறே. பெரியதன் வடிவம் சிறியதிலும் திரும்ப வருவதைத் தன்னொப்புமை என்பர். நகரங்களின் வளர்ச்சியிலும் இவ்வொழுங்கு உண்டு என்கிறது இன்றைய கணிதம். அக்கணிதம் பெயர்பெறுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, சென்னைக்கு வந்து நகரை ஓர் உயிராகப் பார்க்கக் கற்பித்த தாவரவியல் அறிஞரின் வாழ்வே இப்பாடம்.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியதை நாம் அறிவோம். திறமைசாலியை எம்டன் என்று சுட்டும் வழக்கு அன்று பிறந்ததே. அக்கப்பல் அடுத்த மாதம் கடலில் மூழ்கடித்த வணிகக் கப்பல்களுள் ஒன்று கிளான் கிராண்ட். உலக நகரங்களைப் பற்றிப் பல்லாண்டுகளாகத் திரட்டிய வரைபடங்களும் ஓவியங்களும் அதனுடன் கடலுள் போயின. அவற்றைச் சென்னையில் காட்சிக்கு வைக்க, ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பை ஏற்று வந்தவர் பேட்ரிக் கெடிஸ். அப்போது அவருக்கு அகவை அறுபது. அவர் மனம் தளர்ந்து திரும்பிவிடவில்லை. பிரிட்டனில் இருந்த நண்பர்கள் மீண்டும் ஒரு தொகுப்பைத் திரட்டி அனுப்பினர். 1915 சனவரியில் சேப்பாக்கம் செனட் மாளிகையில் கண்காட்சி திறக்கப்பட்டது.

கெடிஸ் 1854 அக்டோபர் 2இல் ஸ்காட்லாந்தின் பலாட்டரில் பிறந்தவர். லண்டனில் உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லியிடம் பயின்றவர். நுண்ணோக்கியே அவரது உலகமாக இருந்தது. 1879இல் ஆய்வுக்காக மெக்சிகோ சென்றபோது அவரது பார்வை குன்றியது. இருட்டறையில் பல வாரங்கள் கிடந்த அவர், சன்னலின் கண்ணாடிச் சட்டங்களைக் கையால் தடவித் தடவி, அறிவுத்துறைகளைக் கட்டங்களாக இணைத்துச் சிந்திக்கும் முறை ஒன்றை வகுத்துக்கொண்டார். பார்வை திரும்பியது; எனினும் நுண்ணோக்கியில் நெடுநேரம் ஆழும் வாழ்க்கை இனி இயலாதென்றாயிற்று. செல்லைக் கண்ட கண் நகரின் பக்கம் திரும்பியது.

எடின்பரோவில் பாழடைந்து கிடந்த பழைய குடியிருப்பு ஒன்றில் மனைவி அன்னாவுடன் குடியேறி, அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு சுவர்களுக்கு வெள்ளையடித்தார். இடிக்காமலே ஊரைத் திருத்தலாம் என்னும் பாடத்தை அவர் கற்றது அங்கேதான்.

சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றை அவர் கால்நடையாகவே ஆராய்ந்தார். நெரிசலான பகுதிகளை ஊடறுத்து நேரான அகலச் சாலை போடுவதே அக்கால நகராட்சிகளின் வழக்கம். சாலை போகும் வழியில் இருந்த வீடுகள் இடிபடும். வீடிழந்தோர் அடுத்த தெருவில் சென்று நெருக்குவர். நெரிசல் இடம் மாறுமேயன்றித் தீராது. தஞ்சாவூரில் அத்தகைய திட்டத்தைக் கண்ட கெடிஸ், மாற்றுவழி ஒன்றைக் காட்டினார். பாழான ஓரிரு வீடுகளை மட்டும் அகற்றி, அவ்விடத்தில் மரம் நட்டுச் சிறு திறந்தவெளி அமைப்பது. சந்துகளைச் சற்றே நேர்செய்வது. செலவும் குறைவு, குடிபெயர்வோரும் சிலரே. உடலைக் காக்கும் அறுவை மருத்துவத்துக்கு இதனை அவர் ஒப்பிட்டார். இலையின் நடுநரம்பை மட்டும் வைத்துக்கொண்டு நுண்நரம்புகளை அறுத்தால் இலை வாடும் என்பது தாவரவியலாளருக்குத் தெரியாததா?

நம் கோவில் நகரங்கள் அவரை மிகவும் கவர்ந்தன. மதுரையில் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என வீதிகள் கருவறையைச் சுற்றி விரிந்துகொண்டே போகின்றன. மயிலாப்பூர் மாடவீதிகளில் நிற்பவர் கபாலீசுவரர் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கட்டும்: நிலைதோறும் சிறு கோவில்களின் வடிவங்களே அடுக்கப்பட்டிருக்கும். முற்றத்தைச் சுற்றி வீடு, கருவறையைச் சுற்றித் திருச்சுற்று, கோவிலைச் சுற்றி ஊர். ஒரே அமைப்பு அளவு மாறித் திரும்ப வருகிறது. தன்னொப்புமைக்கு இதனினும் எளிய சான்று கிடைப்பது அரிது.

1915இல் வெளிவந்த தம் நூலில் லண்டனின் பரவலைப் பவளத்திட்டின் வளர்ச்சிக்கு ஒப்பிட்டார் கெடிஸ். விளிம்பில் புதிய உயிர்கள் ஒட்டிக்கொள்ள விரல் விரலாக நீளும் வளர்ச்சி அது. மாண்டல்பிரோ என்னும் கணித அறிஞர் 1975இல் ஃபிராக்டல் என்று பெயரிட்ட வடிவங்கள் இத்தகையவை. எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் அவற்றின் விளிம்பு நேராவதில்லை. மேடுபள்ளங்கள் தோன்றிக்கொண்டே இருக்கும். 1994இல் பேட்டி, லாங்லி ஆகிய இருவர் நகரங்களை இக்கணிதத்தால் அளந்து நூல் எழுதினர். கெடிஸிடம் இக்கணிதம் இல்லை. உயிர்களைப் பார்த்துப் பழகிய கண் மட்டுமே இருந்தது.

அக்கண் நீரையும் கண்டது. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதை அவர் எதிர்த்தார். தூய்மை செய்து மீனும் வாத்தும் வளர்த்தாலே போதும் என்றார். குளம் வெப்பத்தைத் தணிப்பது, வெள்ளத்தைத் தாங்குவது. ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழியும் நம் நீர்வழியும் கிளைபிரியும் மரமே அன்றோ?

அவர் சென்ற சில ஆண்டுகளில், 1920இல், சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923ஐ ஒட்டி மயிலாப்பூரின் நீண்ட ஏரி வடிக்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. பனகல் பூங்காவிலிருந்து பெருஞ்சாலைகள் பிரிய, அவற்றிலிருந்து தெருக்கள் கிளைத்தன. அழகிய அமைப்புத்தான், ஆனால் நீருக்குரிய கிளை வெட்டப்பட்டிருந்தது.

கெடிஸின் இந்திய வாழ்வு துயரமும் கலந்தது. 1917இல் மூத்த மகன் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டார். அதே ஆண்டில் மனைவியும் இந்தியாவில் மறைந்தார். அதன்பின்னும் இந்தூருக்குத் திட்டம் வகுத்தார். 1919 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தார். ஜகதீச சந்திர போசின் வரலாற்றை எழுதினார். 1924இல் நாடு நீங்கிய அவர், 1932இல் பிரான்சின் மோன்பெலியேயில் காலமானார்.

நீண்ட ஏரி இன்று இல்லை. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்றும், மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்றும் பெயர்ப்பலகைகளில் அது இருக்கிறது. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் நீர் பல நாள் நின்றது.