பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனன்

நம் லோயர் கேம்ப்பிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் குமுளி. அதற்கு அப்பால் கேரளம். அக்கேரளத்தின் கோழிக்கோட்டில் 1896-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் பிறந்தவர் வி. கே. கிருஷ்ண மேனன். அக்காலத்தில் மலபார் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயிலச் சென்னைக்கே வந்தார். அன்னிபெசன்ட் அம்மையாரின் சுயாட்சி இயக்கம் அவரை ஈர்த்தது. அம்மையாரின் ஆதரவோடு 1924-இல் இங்கிலாந்து சென்றவர், கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டார்.

லண்டனில் அவர் வாழ்ந்தது துறவியின் வாழ்வு. தேநீரும் ரொட்டித் துண்டும் பல நாள் அவருக்கு உணவு. இந்தியா லீக் என்னும் அமைப்பை நடத்தி, ஆங்கிலேயர் மண்ணிலேயே நம் விடுதலைக்காக வாதாடினார். 1934 முதல் லண்டனின் செயின்ட் பாங்க்ராஸ் நகர்மன்றத்தில் உறுப்பினராக இருந்து நூலகங்களை வளர்த்தார். குறைந்த விலையில் அறிவு நூல்களை வெளியிட்ட பெலிக்கன் வரிசையின் முதல் பதிப்பாசிரியர்களுள் இவரும் ஒருவர். விடுதலைக்குப் பின் அந்நாட்டில் இந்தியத் தூதராக 1952 வரை பணியாற்றினார். 1957 ஜனவரியில் காஷ்மீர் குறித்து ஐக்கிய நாடுகள் சபையில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பேசினார். உடல் தளர்ந்து மயங்கி விழுந்ததும் அச்சமயத்தில்தான்.

சுதந்திர இந்தியாவின் முதல் பாதுகாப்பு அமைச்சர் சர்தார் பல்தேவ் சிங். அடுத்து வந்தவர் தஞ்சை மாவட்டத்தில் பிறந்த என். கோபாலசாமி ஐயங்கார்; பதவியிலிருக்கும்போதே 1953-இல் காலமானார். அதன்பின் பண்டித நேருவும், கைலாஸ் நாத் கட்ஜுவும் அப்பொறுப்பை வகித்தனர். 1957 ஏப்ரலில் அது மேனனிடம் வந்தது.

ஆயுதத்துக்கு அயல்நாட்டை எதிர்பார்த்து நிற்பது விடுதலை பெற்ற நாட்டுக்கு அழகல்ல என்று அவர் எண்ணினார். 1958-இல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. சென்னையை அடுத்த ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை அவர் காலத்தில்தான் தொடங்கப்பட்டது. விஜயந்தா டாங்கிகள் அங்கே உருவாயின. எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் படை அதிகாரிகளாக வேண்டும் என்று 1961-இல் சைனிக் பள்ளிகளைத் தொடங்கி வைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் நம் படைகள் கோவாவுக்குள் நுழைந்து, இரண்டே நாளில் போர்த்துக்கீசியரின் 451 ஆண்டு ஆட்சியை முடித்தன. புனித சவேரியாரின் திருவுடல் உள்ள பழைய கோவாவும் அன்று பாரதத்தோடு இணைந்தது.

ஆனால் அவரது நாவின் கூர்மை பகைவரை மட்டும் குத்தவில்லை. தளபதிகளோடும் ஓயாத பிணக்கு. தரைப்படைத் தளபதி திம்மய்யா 1959-இல் ராஜினாமாக் கடிதமே கொடுத்துவிட்டார். நேரு சமாதானம் கூறி அதைத் திரும்பப் பெறச் செய்தார். ஆபத்து பாகிஸ்தான் பக்கமிருந்தே வரும் என்பதில் மேனன் உறுதியாக இருந்தார்.

1962 அக்டோபர் 20-ஆம் நாள் சீனப்படை இமயத்தில் பாய்ந்தது. நம் வீரர்களிடம் இருந்தவை பழைய துப்பாக்கிகள். பனிக்கேற்ற உடையும் காலணியும் பலருக்கு இல்லை. கொடைக்கானல் குளிரையே தாங்காத நாம், பதினாலாயிரம் அடி உயரத்தில் பருத்திச் சீருடையோடு நின்ற இளைஞர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுள் பலர் வீடு திரும்பவில்லை. நாடு கொதித்தது. அக்டோபர் 31-ஆம் நாள் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்து மேனன் விலகினார். சில நாளில் அமைச்சரவையை விட்டே வெளியேறினார். மகாராஷ்டிரத்து ஒய். பி. சவாண் அவ்விடத்துக்கு வந்தார்.

குற்றம் முழுவதையும் மேனன் தலையில் சுமத்துவது நியாயமாகாது என்பது எம் கருத்து. சீனத்தை நம்பியவர் நேருவும்தான். பணத்தைச் சுருக்கிக் கொடுத்தது நிதித்துறை. ஆயினும் களம் கண்ட தளபதிகளின் சொல்லுக்குச் செவி சாய்க்காதது மேனனின் சொந்தப் பிழையே. தொழிற்சாலை பலன் தரப் பல ஆண்டு ஆகும். எல்லையில் நின்றவனுக்கோ கம்பளிச் சட்டை அன்றைக்கே வேண்டியிருந்தது.

1967 தேர்தலில் காங்கிரஸ் அவரை நிறுத்தவில்லை. தனித்து நின்று தோற்றார். பின்னர் 1969-இல் வங்காளத்து மிதுனாப்பூரிலும், 1971-இல் திருவனந்தபுரத்திலும் சுயேச்சையாகவே வென்றார். திருமணம் செய்துகொள்ளாத அவர் 1974 அக்டோபர் 6-ஆம் நாள் டில்லியில் காலமானார்.

அவர் தொடங்கி வைத்த சைனிக் பள்ளிகளுள் ஒன்று, ஆனைமலை அடிவாரத்தில், அமராவதி அணைக்கருகே அமராவதிநகரில் 1962 முதல் நடந்து வருகிறது. நெடுங்காலம் ஆண் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்த அப்பள்ளி, 2021 முதல் மாணவியரையும் சேர்த்துக்கொள்கிறது.