மூட்டைக்குள் ஒளிந்த எண்!

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலை மேல் இருக்கிறது நெல்லிவாசல்நாடு. சாமை விளையும் மலை அது. அங்கே ஒரு வீட்டில் 5 மூட்டை சாமையும், உதிரியாக 10 கிலோவும் இருப்பதாக வைத்துக் கொள்வோம். பக்கத்து வீட்டில் 3 மூட்டையும், உதிரியாக 50 கிலோவும் இருக்கிறது. மூட்டைகள் எல்லாம் ஒரே எடை. நிறுத்துப் பார்த்தால், இரண்டு வீட்டுச் சாமையும் சரிசமம். அப்படியென்றால், ஒரு மூட்டையில் எத்தனை கிலோ?

மூட்டையை அவிழ்க்கக் கூடாது குட்டீஸ்! அவிழ்க்காமலே சொல்ல நம் நாட்டில் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே வழி எழுதி வைத்திருக்கிறார் ஒருவர். அவர்தான் பிரம்மகுப்தர்.

கி.பி. 598ம் ஆண்டு பிறந்தவர் இவர். தந்தை பெயர் ஜிஷ்ணு. இன்றைய ராஜஸ்தானில் உள்ள பின்மால் நகரம், அந்தக் காலத்தில் பில்லமாலா என்று அழைக்கப்பட்டது. அங்குதான் அவர் வாழ்ந்தார். வேலை, வானத்தைக் கவனிப்பது. நம் ஜவ்வாது மலையிலேயே காவலூரில் பெரிய வானாய்வு மையம் இருக்கிறதே, அங்குள்ள தொலைநோக்கி போல எதுவும் அவரிடம் கிடையாது. தொலைநோக்கி வருவதற்கு இன்னும் 1,000 ஆண்டுகள் இருந்தன. கண்ணையும் கணக்கையும் நம்பித்தான் கிரகங்கள் எங்கே இருக்கும், கிரகணம் எப்போது வரும் என்று சொல்ல வேண்டும். கணக்கு தப்பினால் எல்லாம் தப்பு.

628ம் ஆண்டு, 30 வயதில், 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' என்ற பெரிய நூலை எழுதி முடித்தார். முழுக்க முழுக்கச் செய்யுள்! அதில் 'குட்டகம்' என்று ஒரு பகுதி. குட்டகம் என்றால் இடித்துப் பொடியாக்குவது. பெரிய எண்களை, உரலில் போட்டு இடிப்பது போல, சின்னச் சின்னதாக்கி விடை காண்பதால் அந்தப் பெயர். நாம் இன்று 'அல்ஜீப்ரா' என்று படிக்கும் இயற்கணிதம் அந்தப் பகுதியில்தான் வருகிறது.

இப்போது நம் மூட்டைக்கு வருவோம். தெரிந்த எண்களின் வித்தியாசத்தை எடு. அதைத் தெரியாதவற்றின் வித்தியாசத்தால் வகு. இதுதான் விதி. 50ல் 10 போனால் 40. 5 மூட்டையில் 3 போனால் 2. 40ஐ 2ஆல் வகுத்தால், மூட்டைக்கு 20 கிலோ. சரிதானா? 5 மூட்டை 100 கிலோ, கூட 10, மொத்தம் 110. அந்த வீட்டில் 60ம் 50ம் சேர்த்து அதே 110!

உண்மையைச் சொன்னால், இந்த விதியை 499லேயே ஆரியபட்டர் சொல்லிவிட்டார். பிரம்மகுப்தர் செய்த பெரிய வேலை வேறு.

அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். 10ல் 50ஐ எப்படிக் கழிப்பது? 3ல் 5ஐ எப்படிக் கழிப்பது? முடியாது என்று விட்டுவிடவில்லை அவர். இருப்பதை 'தனம்' அதாவது சொத்து என்றார். குறைவதை 'ருணம்' அதாவது கடன் என்றார். சொத்தையும் கடனையும் சேர்த்தால் மிச்சம் என்ன, சொத்தும் கடனும் சமமானால் பூஜ்ஜியம், கடனைக் கடனால் வகுத்தால் சொத்து என்று வரிசையாக விதிகள் எழுதினார். இப்போது பாருங்கள்: 40 கடன், 2 கடன், வகுத்தால் 20 சொத்து. எந்த வீட்டிலிருந்து தொடங்கினாலும் அதே 20 கிலோ! குறை எண்களைச் சீனர்கள் முன்பே பயன்படுத்தினார்கள். ஆனால், பூஜ்ஜியத்தையும் ஓர் எண்ணாகச் சேர்த்து விதிகள் எழுதியவர் இவர். ஐரோப்பாவில் 18ம் நூற்றாண்டில்கூடக் குறை எண்களை ஏற்க மறுத்த கணித அறிஞர்கள் இருந்தார்கள்.

அவரும் சறுக்கியது உண்டு. பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் பூஜ்ஜியம் என்று எழுதிவிட்டார். அப்படி வகுக்கவே முடியாது என்கிறது இன்றைய கணிதம். பூமி சுழல்கிறது என்று ஆரியபட்டர் சொன்னதையும் கடுமையாக எதிர்த்தார். இதில் ஆரியபட்டர் சொன்னதே சரி. கோபக்காரர்தான் போலிருக்கிறது! ஆனால் 67 வயதில், அதே ஆரியபட்டரின் முறையைத் தழுவி இன்னொரு நூல் எழுதினார். அதன் பெயர் 'கண்டகாத்யகம்'. கற்கண்டுப் பண்டம் போன்ற பெயர்!

8ம் நூற்றாண்டில் இந்திய வானியல் கணக்குகள் பாக்தாத் நகருக்குப் போய், அரபு மொழிக்கு மாறின. பிரம்மகுப்தரின் முறைகளும் அதில் இருந்தன. 1817ல் கோல்புரூக் என்ற ஆங்கிலேயர் அவரது கணிதப் பகுதிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 2 மூட்டையும் 60 கிலோவும், 4 மூட்டையும் 6 கிலோவும் சமம். மூட்டைக்கு எத்தனை கிலோ? கடன் வழியிலேயே போட்டுப் பாருங்களேன்!

(விடை: 27 கிலோ)