கரிசல் நிலத்து ஓவியர் கொண்டையராஜு

கோவில்பட்டி என்றவுடன் நம்மவர் நினைவிற்கு வருவன தீப்பெட்டியும் கடலைமிட்டாயுமே. அவ்வூரை உறைவிடமாகக் கொண்டு முப்பதாண்டுகளுக்கு மேலாக வண்ணந் தீட்டிய ஒருவரைப் பெயரால் அறிந்தார் நம்முட் சிலரே. அவர் எழுதிய படத்தைக் கண்ணாற் காணாதாரோ அதனினுஞ் சிலர். தமிழகத்துக் கடைகளிலும் வீடுகளிலும் ஆண்டுதோறும் தொங்கிய நாட்காட்டிப் படங்களுட் பல அவர் கைவண்ணமாம். அவரே சி. கொண்டையராஜு.

1898-ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரிற் பிறந்த இவர், சென்னைக் கலைப்பள்ளியிற் பயின்றார். தொலைவும் அண்மையும் வேறுபடத் தோன்றுமாறும், ஒளியும் நிழலும் இயையுமாறும் எழுதும் மேனாட்டு முறை ஆண்டுக் கற்பிக்கப்பட்டது. கற்ற பின்னர்த் திருவண்ணாமலை சென்று ரமணர் ஆசிரமத்திற் சில காலம் தங்கினார். ஆயினும் அவர் அங்கேயே அமர்ந்துவிடவில்லை. நாடகக் கம்பெனியொன்றிற் படுதா எழுதுவாராகச் சேர்ந்தார்.

இப்படுதாத் தொழிலை எளிதென எண்ணற்க. ஊர்தோறுங் கொட்டகையிட்டு ஆடிய அக்காலத்துக் கம்பெனிகளுக்கு அரண்மனைக்கொரு திரை, கானகத்திற்கொரு திரை, ஆற்றங்கரைக்கொரு திரை வேண்டும். விளக்கொளியில் கடைசி வரிசைத் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் அருவி அருவியாகவே தோன்றல் வேண்டும். மெல்லிய வண்ணம் அவ்விடத்திற் பயன்படாது. பிற்காலத்து இவர் படங்களிற் காணும் பளிச்சென்ற பசுமையும் நீலமும் இக்கொட்டகைகளிற் கைவந்தனவே என்பது எம் கருத்து.

1940-களின் தொடக்கத்தில் இவர் சேர்ந்திருந்த குழு கோவில்பட்டியிற் கலைந்தது. இவர் அவ்வூரை விட்டு நீங்கினாரல்லர். மாணவர் சிலர் உடனிருப்ப, மணமும் செய்துகொள்ளாது, அவ்வூரையே தம் ஊராக்கிக்கொண்டார். புகைப்படக் கூடமும் ஓவியக் கூடமுமாக அவர்தம் தொழில் அங்கே தொடர்ந்தது.

நிற்க. அவர் தங்கிய நிலம் எத்தகையது? மேற்குமலைத் தொடரின் மழை மறைவிற் கிடப்பது. ஆண்டிற்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழையே பெறுவது. அதனினும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் வருவது. வற்றாத ஆறு இல்லை. கோடையிற் கரிசல் மண் காலடி புதையுமளவு வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்தாற் காலை விடாது பற்றிக்கொள்ளும். கம்பும் சோளமும் குதிரைவாலியும் பருத்தியும் அம்மண் உள்வாங்கி வைத்த ஈரத்தைக் கொண்டே விளைவன. இந்நிலத்திலிருந்து எழுதியவர் படங்களிலோ நீருக்குக் குறைவே இல்லை! திருமகள் தாமரைத் தடாகத்தின் நடுவில் நிற்கின்றாள். யானைகள் நீர் சொரிகின்றன. பின்னே பசிய மலைகளும் அருவிகளும்.

வானம் பார்த்த பூமியின் ஏக்கமே இவ்வாறு வண்ணமாயிற்று என்று கூறிவிடல் எளிது. நாமும் முதலில் அங்ஙனங் கூறவே விழைந்தோம். ஆயின் யானைகள் நீர் சொரியும் திருமகள் உருவம் மிகப் பழையது; அருவியும் சோலையும் நாடகப் படுதாக்களில் முன்னரே இருந்தன; இரவிவர்மா 1894-இல் நிறுவிய அச்சகத்தின் படங்களும் அவற்றை வீடுதோறும் பரப்பியிருந்தன. கொண்டையராஜுவோ மயிலாப்பூரிற் பிறந்தவர். எனவே ஏக்கத்தை ஓவியரிடத்தே தேடுவதினும் படத்தை வாங்கியவரிடத்தே தேடுதல் பொருந்தும். மூன்றாண்டு மழை பொய்த்த வீட்டில், கதிர் அறுக்காத காலத்தும் சுவரில் ஒரு தடாகம் நிறைந்தே இருந்தது. அதனை வேண்டாமென்றார் எவருமிலர்.

இதனினும் வியப்பாவது மற்றொன்று. இப்படங்கள் பல்கிப் பெருகுதற்கு அவ்வறட்சியே துணைநின்றது. அண்மையிலுள்ள சிவகாசியில் 1920-களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கு ஒட்டுச்சீட்டு வேண்டியிருந்தமையால் கல்லச்சும் வளர்ந்தது. பல வண்ணப் படமொன்றை அச்சிட ஒரே தாளை ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு முறையாகப் பன்முறை பொறியில் விடல் வேண்டும். காற்றில் ஈரம் மிகின் தாள் விரியும். வண்ணம் ஒன்றன்மேலொன்று பொருந்தாது விலகும். மையும் விரைவில் உலராது. விளைச்சலுக்குப் பகையான உலர்காற்று அச்சிற்கு நட்பாயிற்று. மழையில்லா வானத்தின் உதவியாலன்றோ அம்மழைநிலப் படங்கள் நாடெங்கும் சென்றன!

கலை கற்றோர் சிலர் நாட்காட்டிப் படமென்றால் முகஞ் சுளிப்பர். விலையின்றிக் கிடைப்பது, ஆண்டிறுதியிற் கழிக்கப்படுவது, பார்த்த உருவையே மீண்டும் எழுதுவது என்பர். இறுதிக் குற்றச்சாட்டில் ஓரளவு உண்மையுண்டு. வணிகர் விரும்பியதை அவர் எழுதிக் கொடுத்தார். எனினும் தமிழ் பயிலும் நமக்கு அவர் செயலில் ஒரு பழைய முறை புலனாகின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருளென வகுத்தார் தொல்காப்பியர். கொண்டையராஜுவின் முருகன் வெறும் வெளியில் நிற்பதில்லை. மலையும் மயிலும் சூழ நிற்கின்றான். வழிபடும் உருவைக் கோயிற் சிலைபோல் நேர்முகமாக நிறுத்தி, அதன் பின்னே அதற்குரிய நிலத்தை மேனாட்டு முறையில் விரித்தமை அவர்தம் திறம். வேற்றுச் சமயத்தாராகிய நாமும் அப்பின்னணியை நெடிது நோக்கி நிற்றல் கூடும்.

அவர் எழுதிய நீர் கரை கடந்ததில்லை. கரிசல் நிலத்தின் வானமோ இப்போது வேறுவிதமாக நடக்கின்றது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுதும் இயல்பினும் 62 விழுக்காடு குறைந்தது. 2023 டிசம்பரிலோ, அதே மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டு மழையினும் அது மிகுதி. புவி வெப்பம் மிகுதலால் இத்தகைய பெருமழைகள் கூடுமென்று அறிஞர் கூறுகின்றனர்.

கொண்டையராஜு 1976-இல் மறைந்தார். டி. எஸ். சுப்பையா முதலிய மாணவர்கள் அவர் முறையிலேயே தொடர்ந்து எழுதினர். பழைய வீடுகளில் அவர் காலத்துப் படங்கள் இன்றும் சட்டமிட்டுக் காணப்படுகின்றன. வெயில் படும் சுவராயின் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறிவிடும். நீலமே நெடுநாள் நிற்கும். பட்டும் பொன்னணியும் மங்கிய அப்படங்களில் தடாகமும் வானமும் மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன.