ரயில்வேக்காரர் ஜிம் கார்பெட்

ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவர் என்றுதான் ஜிம் கார்பெட்டை (1875–1955) நமக்குத் தெரியும். நைனிடாலில் பிறந்த அவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வேயில் உழைத்தவர். பீகாரில் கங்கைக் கரை மொகாமாவில் அகலப் பாதை வண்டிச் சரக்கை மீட்டர் கேஜுக்கு மாற்றும் ஒப்பந்தம் அவருடையது. நம் புதுக்கோட்டைப் பாதையும் முன்பு மீட்டர் கேஜ்தானே!

தொழிலாளர்களோடு தானும் நிலக்கரி அள்ளினார். லாபத்தையும் அவர்களோடு பகிர்ந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரணுடன் சேர்ந்து அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஒரே அறையில் உட்காரச் சாதி தடையானது. பள்ளித் தலைமையாசிரியர் சுவர்களை எடுத்துவிட்டார். கொட்டகையில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள்.

முதல் உலகப் போரில் 500 குமாவுன் மலைவாசிகளைப் பிரான்சுக்கு அழைத்துப்போய், ஒருவரைத் தவிர அனைவரையும் ஊர் சேர்த்தார். இரண்டாம் உலகப் போரில் வீரர்களுக்குக் காட்டுப்போர்ப் பயிற்சி தந்தார்.

ஏப்ரல் 19 அவர் நினைவு நாள்.