நரேந்திரனை வளர்த்த இல்லம்

பெரியார்களின் சரித்திரத்தைப் படிக்கும் நாம், அவர்கள் செய்த அருஞ்செயல்களையே பெரிதும் பேசுகின்றோம். அவர்தம் அறிவு எந்த இல்லத்தில், யார் கைப்பட்டு, எவ்வாறு வளர்ந்தது என்று ஆராய்வோர் சிலரே. சுவாமி விவேகானந்தரின் வாழ்க்கை அவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. அவருடைய பெற்றோர் துறவிகளுமல்லர்; உபாத்தியாயர்களுமல்லர்; நம்மைப் போன்ற இல்லறத்தார்.

கல்கத்தா நகரின் சிம்லாப் பகுதியில், 1863ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆந் திகதி, மகர சங்கிராந்தித் தினத்தன்று அவர் அவதரித்தார். தந்தையார் விசுவநாத தத்தர் உயர் நீதிமன்றத்தில் தொழில் புரிந்த சட்டத்தரணி, பல நூல் கற்றவர், சங்கீதத்திற் பிரியமுடையவர். தாயார் புவனேசுவரி தேவியார், ஆண்மகவை வேண்டிக் காசியிலுள்ள வீரேசுவரப் பெருமானுக்கு உறவினர் ஒருவரைக் கொண்டு வழிபாடு செய்வித்தவர். ஆதலின் பிள்ளைக்கு முதலில் வீரேசுவரன் என்றும், பின்னர் நரேந்திரநாதன் என்றும் பெயர் வழங்கலாயிற்று.

குழந்தை நரேந்திரனை அடக்குவது எளிதாயிருக்கவில்லை. கோபம் மூண்டால் வீட்டுப் பொருள்களை உடைத்தெறிவான். சிவனிடம் பிள்ளை கேட்க, அவர் தம் பூதகணங்களில் ஒன்றை அனுப்பிவிட்டார் என்று தாயார் சொல்வதுண்டு. ஆயினும் அவர் பிரம்பை எடுக்கவில்லை. சிவநாமத்தை உச்சரித்துக்கொண்டே தலையிலே தண்ணீரை வார்ப்பார், பிள்ளை அடங்கிவிடுவான்.

இராமாயண பாரதக் கதைகளைத் தாயார் மடியிலிருந்தே அவன் கேட்டான். கேட்டதோடு நில்லாமல், சீதாராமர் பதுமையொன்றை வாங்கி வந்து பூசித்தான். இல்லறத்தின் துன்பங்களைக் குதிரைவண்டிக்காரன் ஒருவன் எடுத்துரைக்கக் கேட்டதும், அப்பதுமையை அகற்றிச் சிவபெருமான் திருவுருவத்தை வைத்தான். கதையைக் கேட்ட பிள்ளை அதைத் தன் வாழ்வோடு ஒப்பிட்டுச் சிந்திக்கத் தொடங்கிவிட்டான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

வங்காள எழுத்துக்களையும் ஆங்கிலத்தின் முதற் சொற்களையும் கற்பித்தவர் தாயாரே. ஆறு வயதிற் பாடசாலைக்கு அனுப்பியபோது பிள்ளை தீய சொற்களைக் கற்று வந்தமையால், பெற்றோர் அவனை மறித்து, வீட்டிலேயே ஓர் ஆசிரியரை அமர்த்தினர். 1871ஆம் ஆண்டில் ஈசுவர சந்திர வித்தியாசாகரரின் கல்விக்கூடத்திற் சேர்த்தனர். அங்கே ஒருநாள், சரியான விடையைச் சொல்லியும் ஆசிரியர் அது பிழையென்று தண்டித்தார். அழுதுகொண்டு வந்த மகனுக்குத் தாயார் கூறிய அறிவுரை, விளைவு யாதாயினும் உண்மையென்று கண்டதைக் கைவிடலாகாது என்பதே.

தந்தையாரின் வழி வேறு வகையானது. அவரை நாடி வரும் பல சாதியாருக்கும் சமயத்தாருக்குமென வீட்டிலே தனித்தனி உக்காக்கள் இருந்தன. சாதி கெட்டால் என்ன நேரும் என்று அறிய விரும்பிய சிறுவன், ஒருவருமில்லாத வேளையில் முஸ்லிம்களுக்குரியது உட்பட எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்த்தான். கண்டுபிடித்த தந்தையார் காரணத்தை வினவினார். மறுமொழியைக் கேட்டு நகைத்து அப்பாற் சென்றார். அன்று ஓர் அடி விழுந்திருந்தால், பரீட்சித்துப் பார்க்கும் அவ்வுள்ளம் கூசிப்போயிருக்கும்.

இதனால், விசுவநாதர் பிள்ளைக்குக் கட்டுப்பாடில்லாத செல்லம் கொடுத்தார் என்று எண்ணலாகாது. மகன் ஒருமுறை தாயாரைக் கடிந்து பேசினான். தந்தையார் அவனை ஏசவில்லை. மகனின் தோழர்கள் வந்து கூடும் அறையின் கதவிலே, அவன் தாயாரிடம் சொன்ன வார்த்தைகளைக் கரியினால் எழுதி வைத்தார். தோழர் முன்னிலையில் நாணிய நரேந்திரனுக்கு அப்பாடமே போதுமாயிருந்தது. கேள்வி கேட்பதற்கு அங்கே தடையில்லை. மரியாதை தவறுவதற்கு இடமுமில்லை.

1877ஆம் ஆண்டில் குடும்பம் மத்திய இந்தியாவிலுள்ள இராய்ப்பூருக்குச் சென்றது. அங்கே தகுந்த பாடசாலை இல்லை. அக்குறையே பேறாயிற்று. தந்தையார் மகனைத் தம் பக்கத்தில் இருத்திப் பல பொருள்பற்றி உரையாடினார். தம்மோடு வாதிட விடுத்தார். வீட்டிற்கு வரும் அறிஞர் சபையிலும் பேச இடமளித்தார். சமையற் கலையைக் கூடக் கற்பித்தார். 1879ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு மீண்ட நரேந்திரன், பல ஆண்டுப் பாடங்களை விரைவிற் படித்துப் பிரவேசப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினான்.

தனக்குத் தந்தை தேடிவைத்தது என்னவென்று மகன் கேட்டபோது, கண்ணாடியிற் போய்ப் பார்க்கும்படி விசுவநாதர் கூறினாராம். 1884ஆம் ஆண்டில் அவர் திடீரெனக் காலமானபோது எஞ்சியது கடனே. உறவினர் வழக்குத் தொடுத்தனர். பட்டதாரியான நரேந்திரர் உத்தியோகந் தேடி வெறுங்காலோடு வெயிலில் அலைந்தார். வீட்டில் உணவு போதாதென்று கண்டால், வெளியில் விருந்துண்டதாகச் சொல்லிப் பட்டினி கிடந்தார். ஒருநாட் காலையில் மகன் இறைவன் நாமத்தைச் சொல்லி எழக் கேட்ட தாயார், அந்த இறைவன் நமக்குச் செய்ததென்ன என்று மனங்கசந்து கடிந்தார். பக்தியிற் சிறந்த அத்தாயையும் அசைத்துவிட்டது வறுமை. ஆனால் கண்ணாடியிற் கண்ட அச்செல்வத்தைக் கடன்காரராற் கொண்டுபோக முடியவில்லை.

கேட்டுத் தெளியும் அப்பழக்கமே 1881ஆம் ஆண்டில் அவரை ஸ்ரீ இராமகிருஷ்ணரிடம் சேர்த்தது. இறைவனைக் கண்டதுண்டோ என்று குருவையே வினவிய துணிவு, தந்தையாரோடு வாதிட்டுப் பழகிய துணிவேயன்றோ? சோதித்துப் பார்க்காமல் எதனையும் ஏற்க வேண்டாம் என்ற குருநாதரும் அத்துணிவை வளர்த்தார். அதன் பயனை 1893ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆந் திகதி சிகாகோ சர்வமத மகாசபை கண்டது. 1897ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி கொழும்பில் வந்திறங்கிய சுவாமிகளை நம் நாடும் கண்டது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் அவர் பேசக் கேட்டு நம் முன்னோர் மகிழ்ந்தனர்.

துறவியான பின்னரும் அவர் தாயாரை மறக்கவில்லை. தம் அறிவின் மலர்ச்சிக்கு அவரே காரணமென்று கூறினார். 1901ஆம் ஆண்டில் அவரைத் தீர்த்த யாத்திரைக்கு அழைத்துச் சென்றார். 1902ஆம் ஆண்டு ஜூலை 4ஆந் திகதி, தமது 39ஆவது வயதில் மகாசமாதியடைந்தார். மகனைப் பறிகொடுத்த அன்னையார் 1911ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

பெற்றோர்களே! புலமைப்பரிசில் பரீட்சைப் புள்ளிகளைக் கொண்டே நம் பிள்ளைகளின் அறிவை அளக்கின்றோம். வகுப்புக்கு மேல் வகுப்பாக அனுப்பிக் களைப்படையச் செய்கின்றோம். களைத்து வந்த பிள்ளை ஏதேனும் கேட்டால் வாயை மூடென்கின்றோம். புவனேசுவரி தேவியார் கொடுத்தவை கதையும் நேரமும். விசுவநாதர் கொடுத்தவை செவியும் சுதந்திரமும். இவற்றிற்குக் கட்டணமில்லை. இளைஞர்காள்! நாளை நீவிரும் பெற்றோராவீர். இரவு உணவின் பின் ஒரு கதை, பிள்ளை கேட்ட கேள்விக்குப் பொறுமையாக ஒரு மறுமொழி: இவை இல்லாத இல்லத்தில் எத்துணை நூல்கள் இருந்தும் பயனென்ன?